வெள்ளிமேல் படிந்த சிலிக்கனுக்கு என்ன நிறம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிலிசீன் பற்றி, அதாவது ஒரே ஓர் அணுத் தடிப்பில் விரிந்து கிடக்கும் சிலிக்கன் அடுக்கைப் பற்றி, போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதை வெள்ளியின் மேல்தான் வளர்க்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தேன். வழக்கமாக யானை வேலி, டெங்கு, கைபேசி ஏன் சுடுகிறது என்று கேட்கிற நம்ம ஆட்கள் இந்தமுறை சிலிக்கனையும் வெள்ளியையும் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த மாதப் பகுதி முழுக்க அதற்கே.

சேர், நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். வெள்ளித் தகடு ஒன்றில் ஓர் அணுத் தடிப்புக்குச் சிலிக்கன் படிந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தால் என்ன நிறம்?
– மாணவி, கல்முனை

தெரியாது மகள். வெள்ளி வெள்ளியாகத்தான் பளபளக்கும்.

சிலிக்கன் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல மினுங்கும். அந்த நிறம் தடிப்பான துண்டுக்கு உரியது. பச்சை ஒளி சிலிக்கனுக்குள் ஒரு மைக்ரோமீற்றருக்கு மேல் போன பிறகுதான் கணிசமாகக் குறையத் தொடங்கும். ஓர் அணு அடுக்கு என்பது அந்தத் தூரத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. ஆகவே உறிஞ்ச அவகாசமே இல்லை. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. நிலையான அலைகள் படித்திருப்பீர்கள்: இழையின் கட்டிய முனையில் கணு, அங்கே அசைவே இல்லை. ஒளி உலோகத்தில் நேராகப் பட்டுத் தெறிக்கும்போதும் ஏறக்குறைய அதேதான் நடக்கிறது. போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து உலோக மேற்பரப்பை ஒட்டி மின்புலத்தை அநேகமாகப் பூச்சியம் ஆக்கிவிடுகின்றன. 550 நனோமீற்றர் பச்சை ஒளிக்கு முரண்கணு, அதாவது மின்புலம் உச்சமாக இருக்கும் இடம், ஏறத்தாழ 137 நனோமீற்றர் உயரத்தில் வரும். நம்முடைய சிலிக்கனோ ஒரு நனோமீற்றரில் கால்வாசி உயரத்தில், கணுவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மின்புலம் இல்லாத இடத்தில் இருக்கும் இலத்திரனை ஒளி எப்படி அசைக்கும்? நிசமான வெள்ளி கணக்குப் புத்தகத்தில் வரும் முழுமையான கண்ணாடி இல்லை என்பதால் புலம் அங்கே சுத்தமாகப் பூச்சியமாகிவிடாது, கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பிழைக்கிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். வெற்றிடப் பாத்திரத்துக்குள் சுத்தமான வெள்ளியின் தெறிப்பை முதலில் பதிவுசெய்கிறார்கள். பிறகு சிலிக்கன் அணுக்கள் வந்து படியப் படிய அதே இடத்தில், அதே விளக்கில், திரும்பத் திரும்ப அளந்து முதல் பதிவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அலைநீளம் அலைநீளமாகப் பார்க்கிறார்கள். ஒளியைச் சரித்து விழுத்தினால் மேற்பரப்புக்குச் செங்குத்தாகவும் மின்புலத்தின் ஒரு கூறு கிடைக்கும், அந்தக் கூறு உலோகத்தின் மேல் அழிந்துபோவதில்லை. அதனால் முனைவாக்கிய (மின்புலம் ஒரே திசையில் அதிரும்) ஒளியைச் சரித்து அனுப்புவது இவர்களுக்குப் பிடித்த வழி. கண் காணாத மாற்றம் இப்படித்தான் வரைபடத்தில் ஒரு வளைவாக வருகிறது.

தனித்து நிற்கும் சிலிசீன் கிராபீனைப் போலவே ஒளியில் 2.3 வீதத்தை உறிஞ்சவேண்டும் என்று வாசித்தேன். வெள்ளிமேல் அளந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்றும் வாசித்தேன். கணிப்புப் பிழையா சேர், அளவீடு பிழையா?
– பௌதிகவியல் மாணவன், வந்தாறுமூலை

இரண்டும் சரி தம்பி. கணித்த பொருள் ஒன்று, அளந்த பொருள் இன்னொன்று. இந்தத் துறையில் பத்து வருடம் நடந்த சண்டையின் சாரமே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

2.3 எங்கிருந்து வந்தது? 2008இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கைம் குழுவினர் ஒற்றைக் காபன் அடுக்கினூடாக, அதாவது கிராபீனூடாக, வெள்ளை ஒளியை விட்டு அளந்தபோது ஓர் அடுக்கு 2.3 வீதத்தை உறிஞ்சுவதைக் கண்டார்கள், இரண்டு அடுக்கு என்றால் அதன் இரட்டிப்பு. பை என்ற எண்ணை 137ஆல் வகுத்துப் பாருங்கள், 0.0229 வரும். அந்த 137, ஒளிக்கும் இலத்திரனுக்கும் உள்ள பிணைப்பின் பலத்தைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ். அதற்கும் காபனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இலத்திரனின் சக்தி அதன் உந்தத்தோடு நேர்கோட்டில் ஏறி இறங்கினால், அதாவது சக்திப் பட்டைகள் இரண்டு கூம்புகள் முனையோடு முனை முட்டியதுபோல அமைந்தால், எந்த அணுவாக இருந்தாலும் அந்த எண்தான் வரும். சிலிக்கனிலும் அதே கூம்பு இருக்கும் என்பது கணிப்பு. 2012இல் பெக்ஸ்டெட், மத்தெஸ், கோரி, புல்ச்சி என்ற நால்வரும் சிலிசீனுக்கும் ஜேர்மானீனுக்கும் (ஜேர்மானியத்தின் ஓரணு அடுக்கு) கணக்குப் போட்டு, செந்நிறக்கீழ் ஒளியின் தாழ்ந்த சக்திப் பக்கத்தில் உறிஞ்சல் அதே 2.3இல் போய் நிற்பதைக் காட்டினார்கள். கட்புல ஒளிக்கு வந்தால் அப்படி இருக்காது, ஏறத்தாழ 1.7 இலத்திரன் வோல்ற்றில் (ஒளியின் சக்தியை அளக்கும் அலகு) ஒரு சிகரம், 4க்குக் கிட்ட இன்னொன்று என்று சிலிக்கனின் சொந்த முகம் தெரியத் தொடங்கும்.

இங்கே கவனியுங்கள், இதெல்லாம் அந்தரத்தில் தொங்கும் சிலிசீனுக்கு. அப்படி ஒன்றை இதுவரை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. காபனுக்குப் பென்சிற்கரி இருக்கிறது, அடுக்கடுக்காக உரிக்கலாம், கைம் குழுவினர் ஒட்டும் நாடாவால்தான் உரித்தார்கள். சிலிக்கனுக்கு அப்படி உரிக்கத்தக்க ஒரு வடிவம் இயற்கையில் இல்லை. 1994இல் ரகேடா, ஷிரைஷி என்ற இரு ஜப்பானியர் இந்த அடுக்கு தட்டையாக இல்லாமல் மேடு பள்ளமாக நெளிந்துதான் இருக்கும் என்று கணித்தார்கள், 2007இல் சிலிசீன் என்ற பெயர் வந்தது, 2009இல் இன்னும் திருத்தமான கணக்கு வந்தது. காபன்–காபன் பிணைப்பு 0.142 நனோமீற்றர், சிலிக்கன்–சிலிக்கன் 0.228. தூரம் கூடினால் பக்கத்து அணுவின் இலத்திரனோடு கைகோர்ப்பது தளர்ந்துபோகும். அதை ஈடுசெய்யத்தான் ஒன்றுவிட்டு ஒரு அணு 0.045 நனோமீற்றர் அளவு மேலே எழும்புகிறது.

பிறகு 2012. பேர்லின், மார்செய், ரோம் என்று மூன்று ஊர்களிலிருந்து சேர்ந்த ஒரு குழு (பற்றிக் வோக்ட், பாவோலா தி படோவா, கை லு லே முதலானோர்) வெள்ளிப் பளிங்கின் ஒரு குறிப்பிட்ட முகத்தில், 220 முதல் 260 பாகை செல்சியஸ் சூட்டில், சிலிக்கனை ஆவியாக்கிப் படியவிட்டு முதன்முதலாக நம்பத்தக்க சிலிசீன் என்று அறிவித்தது. மருதமுனைக் கைத்தறியில் நெருக்கமான பாவும் அகலமான பாவும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் குறிப்பிட்ட இழைக்கொருதரம் இரண்டும் நேருக்கு நேர் வரும் அல்லவா, அதேபோலத்தான் இங்கேயும்: வெள்ளியில் திரும்பத் திரும்ப வரும் அலகு 0.289 நனோமீற்றர், நாலு வைத்தால் 1.156, சிலிசீனின் அலகு 0.386, மூன்று வைத்தால் 1.158. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். அதனால் மூன்றுக்கு நாலு என்று அச்சொட்டாகப் பொருந்திக்கொள்கிறது. அந்தப் பெரிய அலகுக்குள் 18 சிலிக்கன் அணுக்கள், அதில் 6 மட்டும் மேலே, 12 கீழே, வெள்ளியை உரசிக்கொண்டு. மேடு பள்ளமும் தனித்த சிலிசீனில் இருப்பதைவிடக் கூட, 0.07 நனோமீற்றருக்கும் மேல்.

வம்பு இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. சிலிசீனின் ஒவ்வோர் அணுவிலும் ஓர் இலத்திரன் ஓரளவு சும்மா நிற்கிறது. கூம்பை உண்டாக்குவது அந்த இலத்திரன்கள்தான். கீழே வெள்ளி, தாராளமாக அலையும் இலத்திரன்களோடு, கால் நனோமீற்றர் தூரத்தில். சிலிக்கன் இலத்திரன் தன் அயலாரோடு தளர்வாகப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு வெள்ளியோடு கோர்த்துக்கொள்கிறது. கோர்த்த பிறகு அது சிலிக்கன் நிலையும் இல்லை, வெள்ளி நிலையும் இல்லை, இரண்டும் கலந்த ஒன்று. கூம்பு போய்விடுகிறது.

2012இல் அந்தக் குழு நேர்கோட்டுப் பட்டை ஒன்றை அளந்து காட்டியது உண்மைதான், அதைப் பார்த்து உலகமே கூம்பு கிடைத்துவிட்டது என்று துள்ளியதும் உண்மை. ஆனால் 2013இல் ஜப்பானில் லின் என்பவரும் கூட்டாளிகளும் அதே அடுக்கைப் பலமான காந்தப்புலத்துக்குள் வைத்துப் பார்த்தபோது, கூம்பு இருந்தால் கட்டாயம் தெரியவேண்டிய படிநிலைகள் ஒன்றையும் காணவில்லை. நேர்கோடு வந்தது வெள்ளியும் சிலிக்கனும் கலந்த நிலைகளிலிருந்து என்ற விளக்கம் அதன்பின் வலுத்தது. அவசரம் என்று நான் சொல்லமாட்டேன், போட்டி என்று சொல்லலாம். 2012இல் மட்டும் ஐரோப்பா, ஜப்பான், சீனா என்று இதே அடுக்கைப் பலர் ஒரே நேரத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒளி வேலை வருவது இதற்குப் பிறகு. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் ஒளி யாருக்கும் பக்கச்சார்பு பார்க்காது. 2015இல் இத்தாலியின் சிங்குவாந்தா, மொல்லே முதலானோர் செந்நிறக்கீழிலிருந்து ஊதாக்கடந்த பகுதி வரை தெறிப்பை அளந்து, கூடவே கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். தனித்த சிலிசீனுக்குச் சொல்லப்பட்ட சாயல் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது சிலிக்கன்–வெள்ளி என்ற கூட்டின் சாயல். அதே ஆய்வில் மிகக் குறுகிய லேசர் துடிப்பால் இலத்திரன்களைக் கிளப்பிவிட்டு அவை எப்படி அடங்குகின்றன என்றும் பார்த்தார்கள். அங்கும் உலோகத்தோடு கலந்த போக்குத்தான். 2018இல் ஹோகன், புல்ச்சி, போரென்ஸ்டைன் முதலானோர் செய்த பெரிய ஒப்பீடும் இதே திசையில்தான் போகிறது: வெள்ளிமேல் கிடக்கும் அடுக்கின் ஒளி உறிஞ்சலைத் தருவது பெரும்பாலும் கலந்த நிலைகளுக்கிடையே நடக்கும் தாவல்கள். 2012இல் 2.3ஐக் கணித்த நால்வரில் புல்ச்சி ஒருவர், பிறகு அது வெள்ளிமேல் ஏன் வராது என்று காட்டியவர்களிலும் அவர் ஒருவர் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் சரி என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அப்போ 2.3 எங்கேயுமே இல்லையா என்றால், வெள்ளியை விட்டு வெளியே வாருங்கள். 2018இல் கிரசியானெத்தியும் மொல்லே குழுவினரும் நீலக்கல் என்று நாம் சொல்லும் அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்கின் மேல் மெல்லிய சிலிக்கனைப் படியவிட்டு ஒளிக் கடத்துதிறனை அளந்தார்கள். நீலக்கல் ஒளிபுகும், சும்மா அலையும் இலத்திரன்களும் அதில் கிடையாது. தாழ்ந்த சக்தியில் கூம்புக்கு ஒத்த நடத்தையின் அடையாளம் அங்கே தெரிந்தது. அப்புறம் என்ன, படியும் பொருள் அதே சிலிக்கன்தான், கீழே இருப்பது மாறியவுடன் ஒளி இயல்பும் மாறிவிட்டது. ‘சிலிசீனின் ஒளி இயல்பு’ என்று தலைப்புப் போட்ட கட்டுரை எதைக் கண்டாலும் முதலில் எதன்மேல் என்று தேடுங்கள் தம்பி.

எங்களுக்கு வெள்ளிக் கடை. ஆம்பிளையாட்கள் போடுற வெள்ளி மோதிரம் நல்லா ஓடும், ஆனா கொஞ்ச நாளில கறுத்துப்போகுது என்று திருப்பிக் கொண்டுவருகிறாங்க. நீங்கள் சொன்ன மாதிரி மேலே சிலிக்கன் ஒரு பூச்சு போட்டால் கறுக்காதா?
– நகைக் கடைக்காரர், காத்தான்குடி

போட்டால் முதலில் கெட்டுப்போவது சிலிக்கன்தான் நானா. ஓரணு அடுக்குச் சிலிக்கன் காற்றுப் பட்டதும் ஒட்சிசனோடு சேர்ந்துவிடும். அதை வளர்ப்பதும் வைத்திருப்பதும் காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்துக்குள், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஒரு கோடியின் இலட்சத்தில் ஒரு பங்கும் இல்லாத வெற்றிடத்தில். விரலில் போட்டு வாவிக்கரையில் நடக்கிற சாமான் இல்லை.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காற்றில் இருக்கும் ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான வெள்ளிச் சல்பைட்டாகிறது. ஈரப்பதன் கூடினால் வேகமும் கூடும், இரண்டு பக்கமும் தண்ணி உள்ள ஊரில் அதைத் தவிர்க்க வழியில்லை. வியர்வை, முட்டை, வெங்காயம் எல்லாம் அதற்குத் துணை. நகைத் தொழிலில் இதற்கு ரோடியம் முலாம் போடுவது வழக்கம், உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. வீட்டுக்காரருக்குச் சொல்லக்கூடியது: பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அப்பச்சோடாவும் சுடுநீரும் ஊற்றி, மோதிரம் தாளில் முட்டும்படி வைத்தால் கறுப்பு பெரும்பாலும் இறங்கும். கல் வைத்த மோதிரத்தையும், வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றியதையும் இதில் போடவேண்டாம்.

உங்கள் யோசனை முற்றாகப் பிழை என்றும் சொல்லமாட்டேன். ஹவாயிலும் சிலியிலும் உள்ள ஜெமினி தொலைநோக்கிகளின் எட்டு மீற்றர் ஆடிகளில் வெள்ளிதான் பூசியிருக்கிறார்கள், அது கறுக்காமல் இருக்க மேலே போட்டிருப்பது சிலிக்கன் நைத்திரைட்டு, அதாவது சிலிக்கனும் நைதரசனும் சேர்ந்த சேர்வை. அங்கே சிலிக்கன் ஏற்கெனவே நைதரசனோடு கட்டுப்பட்டுவிட்டதால் ஒட்சிசனைத் தேடி ஓடாது.

ஓரடுக்கு வளர்ப்பதுதான் கஷ்டம் என்றால் பத்து இருபது அடுக்கு வளர்த்து வேலையை முடிக்கலாமே? பல்லடுக்குச் சிலிசீன் என்று கட்டுரைகள் இருக்கின்றனவே?
– பௌதிகவியல் ஆசிரியர், சம்மாந்துறை

கட்டுரைகள் இருக்கின்றன சேர். அந்தப் பெயர் பொருந்துமா என்பதில்தான் சிக்கல். வெள்ளியின் மேல் தொடர்ந்து சிலிக்கனைப் போட்டுக்கொண்டே போனால் மேற்பரப்பில் ஓர் ஒழுங்கான புதிய கோலம் தெரியும், அதை வைத்து அடுக்கடுக்காகச் சிலிசீன் என்று ஒரு தரப்பு சொன்னது. பாரிசில் போரென்ஸ்டைன், பிறெவோ குழுவினர் ஒளித் தெறிப்பாலும் வேறு முறைகளாலும் பார்த்து, அது வைரக் கட்டமைப்புள்ள சாதாரண சிலிக்கன்தான் என்று 2015 கட்டுரையில் காட்டினார்கள். ஒளி உறிஞ்சலின் வடிவம் நம் கையில் உள்ள சிலிக்கன் துண்டோடு ஒத்துப்போனது, கூம்பின் சாயல் இல்லை. மேலே தெரிந்த கோலம்? சிலிக்கன் வளர வளரக் கீழிருந்த வெள்ளி அணுக்கள் சில மேலே ஏறி வந்து முகப்பில் உட்கார்ந்துகொள்கின்றன, கோலம் அவற்றினுடையது. எனக்கு இந்த வாதம் பலமாகப் படுகிறது, முக்கியமாக வேறு வேறு வழிகளில் அளந்து ஒரே முடிவுக்கு வந்ததால்.

இதேபோல இன்னொரு கதை. வெள்ளிப் பளிங்கின் வேறொரு முகத்தில் சிலிக்கன் 1.6 நனோமீற்றர் அகல ரிப்பன்களாக ஒரே திசையில் வரிசையாக வளரும். பல வருடம் அவற்றையும் சிலிசீன் ரிப்பன் என்றே எழுதினார்கள். ஆனால் ரிப்பனுக்கு நெடுக்காக முனைவாக்கிய ஒளிக்கும் குறுக்காக முனைவாக்கிய ஒளிக்கும் கிடைத்த பதில்கள் சிலிசீனோடு பொருந்தவில்லை என்று 2014இலேயே ஒளிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். 2016இல் கட்டமைப்பும் தெளிவானது: அறுகோணமே இல்லை, ஐங்கோணங்கள் கோர்த்த சங்கிலி.

நான் வயலுக்குத் தண்ணி இறைக்க சோலார் போட்டிருக்கிறன். இந்த ஓரணுச் சிலிக்கன் வந்தால் பனல் மலிவாகுமா? இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியால யாருக்கு என்ன பிரயோசனம்?
– விவசாயி, அக்கரைப்பற்று

பனல் மலிவாகாது அண்ணன். உங்கள் பனலில் உள்ள சிலிக்கன் வில்லைகள் ஏறத்தாழ 150 மைக்ரோமீற்றர் தடிப்பு. வெயிலை விழுங்க அந்தத் தடிப்பு வேண்டும். ஓரடுக்கு சில வீதத்தைத்தான் பிடிக்கும், வெள்ளிமேல் என்றால் அந்தக் கணு விசயத்தால் அதுவும் குறையும். பிடித்தாலும் கிளம்பிய இலத்திரன் கண்மூடித் திறக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கும் ஆகமுதல் வெள்ளிக்குள் இறங்கிப்போய்விடும், கம்பிக்கு வராது. பனலின் முகப்பில் மெல்லிசாக வெள்ளைக் கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள், அவை வெள்ளிப் பசையால் அச்சிட்டவை. அங்கே சிலிக்கனும் வெள்ளியும் சேர்ந்து நல்ல வேலைதான் செய்கின்றன: சிலிக்கன் பிடிக்கிறது, வெள்ளி கடத்துகிறது. ஓரடுக்கில் அந்த வேலைப் பிரிவினை இல்லை.

பிரயோசனம் கேட்டீர்கள். 2015இல் டெக்சாசில் அகின்வாண்டேயும் இத்தாலியில் மொல்லேயும் சேர்ந்து சிலிசீனில் ஒரு திரான்சிஸ்டர் செய்தார்கள். மைக்காவில் பூசிய வெள்ளிப் படலத்தின்மேல் சிலிசீனை வளர்த்து, மேலே அலுமினியம் ஒட்சைட்டால் மூடி, அப்படியே உரித்துத் தலைகீழாகப் புரட்டி, இப்போது மேலே வந்துவிட்ட வெள்ளியை நடுவில் மட்டும் அரித்தெடுத்து, மிச்சத்தை மின்முனைகளாக விட்டார்கள். கெட்டிக்காரத்தனம். வேலை செய்தது, ஆனால் காற்றில் சில நிமிடங்கள்தான். உங்கள் தண்ணீர்ப் பம்பிக்கு அது வர நாளாகும், வராமலும் போகலாம்.

வெள்ளிக்குப் பதிலாகத் தங்கம் பாவிக்கலாமே? அதுவும் கறுக்காதே.
– வாசகி, களுவாஞ்சிக்குடி

தங்கமும் சிலிக்கனும் சேர்ந்தால் 363 பாகையிலேயே உருகிக் கலந்துவிடும், தனித்தனியே இரண்டும் ஆயிரத்துக்கு மேல் தாங்குகிறவை. வெள்ளி–சிலிக்கன் கூட்டுக்கு அது 840 பாகை அளவில்தான் நடக்கும், சேர்வையும் உண்டாகாது. ஆகவே 250 பாகையில் அடுக்கு மேலேயே நிற்கும். ஒளி அளக்கிறவருக்கு இன்னொரு வசதி: தங்கம் 2.4 இலத்திரன் வோல்ற்று அளவிலிருந்தே ஒளியைத் தானே உறிஞ்சத் தொடங்கிவிடும் (அது மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான்), வெள்ளியோ 3.8 வரை அமைதியாக இருக்கும். கட்புல ஒளி முழுவதிலும் சிலிக்கனால் வந்த மாற்றத்தைப் பின்னணி இரைச்சல் இல்லாமல் பார்க்கலாம்.

இதில் ஆராய்ச்சி செய்ய ஆசை சேர். இங்கே அப்படி வெற்றிடக் கருவி ஒன்றும் எனக்குக் கிடைக்காது. மடிக்கணினி மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– மாணவி, ஆரையம்பதி

கணக்குப் பக்கத்தால் நுழையலாம் மகள். குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருள் இலவசம், மூலநிரலோடு கிடைக்கிறது. ஒளி இயல்புக்கு யாம்போ என்று இன்னொன்று, அதுவும் இலவசம்தான். தனித்த சிலிசீனின் அலகில் இரண்டே அணுக்கள். மடிக்கணினி தாராளமாகத் தாங்கும்.

வெள்ளியோடு சேர்த்துப் போட உடனே இறங்கிவிடவேண்டாம். 18 சிலிக்கன், வெள்ளி ஓர் அடுக்குக்கு 16 அணு, ஐந்து அடுக்காவது வைக்கவேண்டும், மொத்தம் 98. வெள்ளி ஒவ்வொன்றிலும் 11 இலத்திரன்களைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதால் மடிக்கணினி மூச்சுத் திணறும், அதற்குப் பல்கலைக்கழகக் கணினிக் கொத்து ஒன்றில் நேரம் கேட்கவேண்டி வரும். முதலில் கிராபீனைப் போடுங்கள், தாழ்ந்த சக்தியில் உறிஞ்சல் 2.3 வீதத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராமல் பல்லுப் பல்லாக ஏறி இறங்கினால் மென்பொருளைக் குறைசொல்லமுதல் கே-புள்ளிகளை, அதாவது இலத்திரனின் எந்தெந்த உந்தத்துக்குக் கணக்குப் போடவேண்டும் என்று நாம் கொடுக்கும் புள்ளிகளை, கூட்டுங்கள். கூம்பின் முனையை அண்டிப் புள்ளிகள் அடர்த்தியாக இல்லாவிட்டால் அந்த எண் பிடிபடாது. அது சரிவந்த பிறகு காபனை எடுத்துவிட்டுச் சிலிக்கனைப் போட்டு, அணு நெளிவை 0.045 நனோமீற்றரில் தொடங்கி மென்பொருளையே சரிசெய்யவிட்டு, 1.7இல் சிகரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த நெளிவைக் கையால் 0.07க்கு உயர்த்தி, வெள்ளியே இல்லாமல் இன்னொருதரம் ஓட்டுங்கள். வெள்ளிமேல் தெரியும் மாற்றத்தில் எவ்வளவு வெறும் வடிவத்தால் வந்தது, எவ்வளவு இலத்திரன் கலப்பால் வந்தது என்பதைப் பிரித்துப்பார்க்க அது ஒரு நல்ல தொடக்கம். இரண்டு வரைபடத்தையும் அடுத்த மாதத்துக்குள் அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.